இசக்கிராஜ் நடக்க வேண்டிய நூறு அடி

கீழே இருப்பதில் ஓர் எழுத்துப் பொய்யென்றாலும் என் நாக்கு அழுகட்டும். எழுதின கைக்கும் அதே கதிதான்.

தூத்துக்குடிப் பக்கம் ஒரு பஸ் பணிமனை. அதன் வாசலில் முகத்தைப் பார்ப்பதில்லை, மணிக்கட்டைத்தான் பார்ப்பார்கள். பிறந்த பத்தாம் நாள் எல்லாருக்கும் பதிக்கிற உடல்விளக்கு மணிக்கட்டில்தான் இருக்கிறது. காரில் எஞ்சின் விளக்கு எரிகிற மாதிரி, நெஞ்சிலோ நாக்கிலோ எங்கே கோளாறு என்றாலும் மஞ்சளாக எரியும். எரிந்தால் உள்ளே விடமாட்டார்கள்.

மெக்கானிக் இசக்கிராஜுக்குத் திங்கட்கிழமை காலை எரிந்தது. மேஸ்திரி வேலைக்கு ஆள் பார்க்கிற வாரம் அது.

"ஆஸ்பத்திரிக்குப் போவமாங்க?" என்றாள் மனைவி பொன்செல்வி.

"ஏட்டி, இருவது வருசமா வண்டி லைட்ட அணைக்கவனுக்கு இது பெரிய காரியமா?"

காருக்கு வைக்கிற கோளாறுமானியை மணிக்கட்டில் வைத்தான். 'எண் 17, இதயம். அழிக்கவா?' என்று கேட்டது. அழித்தான். அணைந்தது.

"கோளாறு போயிட்டா?"

"லைட்டு போயிட்டுல்லா!"

செவ்வாயும் எரிந்தது, அழித்தான். புதன்கிழமை இரண்டு தரம். வெள்ளிக்கிழமை பல் தேய்க்கும்போது எரிந்தது. அழித்தான், அப்படியே சரிந்தான், செத்துப்போனான்.

பொன்செல்வி தம்பியோடு ஆட்டோவில் உடலை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். மருத்துவர் மணிக்கட்டைப் பார்த்தார்.

"விளக்கு எரியலையேம்மா. ஆள் நல்லாத்தான இருக்காரு?"

"செத்துட்டாருய்யா! மூச்சு இல்ல, பாருங்க!"

"மூச்சப் பாத்தெல்லாம் இப்ப எழுதுறதில்ல. விளக்கை அழிச்சிருக்கீங்க. அழிச்ச பொறவு வண்டி கொஞ்சம் ஓடினாத்தான் மறுபடி சோதிக்கும். மனுசனுக்கு நூறு அடி. நடக்கச் சொல்லுங்க. எரிஞ்ச உடனே செத்ததா எழுதித் தாரேன்."

ஆளுக்கொரு தோளாகத் தாங்கி இழுத்தார்கள். இழுத்த அடியை விளக்கு கணக்கில் சேர்க்கவில்லை.

சான்றிதழ் இல்லாமல் அடக்கம் செய்ய முடியாது என்று உடலை வீட்டுக்கே கொண்டுவந்தார்கள். மதியம் பணிமனை வண்டி வந்தது. விளக்கு எரியாத ஆள் வேலைக்கு வராமல் வீட்டில் கிடப்பது குற்றம் என்று தூக்கிப் போனார்கள். ஐந்து நாளும் வாசலில் விளக்கு எரியாதவன் அவன் ஒருவன்தான். மேஸ்திரி நாற்காலியிலேயே உட்கார வைத்தார்கள்.

"பழைய மேஸ்திரிக்கு இவரு எவ்வளவோ தேவல, வையவே மாட்டேங்காரு," என்றார்கள் தொழிலாளிகள், மூக்கைப் பொத்திக்கொண்டு.

சாயங்காலம் பொன்செல்வி வாசலில் நின்று அழுதாள்.

"அண்ணாச்சி, எம்புருசன் பொணத்தக் குடுத்திருங்க. மண்ணுலயாவது வைக்கேன்."

காவலாளி அவள் கையைத் திருப்பிப் பார்த்தார். மஞ்சளாக எரிந்தது. கோளாறுமானியை வைத்தார்.

"துக்கம், எண் 23. ஒனக்கே கோளாறு தாயி. விளக்கு எரியுதவங்க சொல்லுத எதையும் நாங்க எழுதிக்கிட மாட்டோம். அவரு ரிட்டையராக இன்னும் பதினெட்டு வருசம் இருக்கு. பொறவு வா."

விளக்கு எரிகிறவர் பேச்சை எழுதக்கூடாது என்ற சட்டம் நல்ல சட்டம்தான்.

என் மணிக்கட்டில் முப்பது வருடமாக எரிகிறது. எண் 41, புளுகு.