பேர் வாங்கிய திமிங்கலம்

திமிங்கலத்தின் மூச்சில் காப்பி வாசனை வந்தது.

மீன் நாற்றம்தான் வரும். குடலைப் புரட்டும் அந்த நாற்றத்துக்கு பிப்பாலுக்கின் மூக்கு எப்போதோ பழகிவிட்டது. வடதுருவத்தை ஒட்டிய டிஸ்கோ விரிகுடாவின் இரவிலும் மறையாத வெயிலில், பனிக்கட்டிகள் ஒன்றோடொன்று உரசி முனகும் சத்தத்துக்கு நடுவே, படகையொட்டி எழுந்த அந்த மூச்சு அவள் முகத்தில் ஈரமாகப் படிந்தபோது, அடிப்பிடித்த காப்பிதான் மணத்தது. அவள் கணவன் இனுத்தெக் ஒருத்தன்தான் காப்பியை அப்படித் தீய்த்துக் குடிப்பான். குளிர்காலத்தில் காலடிப் பனி உடைந்து கடலுக்குள் போனவன். உடல்கூடக் கிடைக்கவில்லை.

முதலில் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

திமிங்கலங்களைக் கணக்கெடுக்க அவற்றின் வாலைப் படமெடுப்பது அவள் வேலை. வாலடி வெள்ளைத் திட்டுகளை வைத்து எந்தத் திமிங்கலம் என்று சொல்லிவிடலாம். போன வாரம் இந்த வாலை முதன்முதலாகப் பார்த்தவள், பேச்சுத்துணைக்கு ஆளில்லாத ஏக்கத்தில், "இனுத்தெக்" என்று கூப்பிட்டுவிட்டாள்.

அவள் ஊரில் செத்தவர் பேரை அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு வைப்பார்கள். அதுவரை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பேர் போகிற இடத்துக்கு ஆளும் போய்விடுவார். அந்தப் பேருக்காகத்தான் அவள் வயிற்றில் ஒரு பிள்ளை வளர்ந்துகொண்டிருந்தது.

காலையில் விஷயத்தைக் கேட்டதும் நாத்தனார் நவராணா சிரிக்கத்தான் செய்தாள். "எங்கண்ணன் பேரைப் போயும் போயும் மீனுக்கா வச்சீங்க, அண்ணி? அப்ப புள்ளைக்கு யார் பேரு?" பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "திரும்ப அதைக் கூப்பிடாதீங்க," என்றாள்.

திமிங்கலம் மறுபடி எழுந்து மூச்சு விட்டது. வயிற்றில் பிள்ளை உதைத்தது.

முங்கியது. பிள்ளை அடங்கியது.

எழுந்தது. உதைத்தது.

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். கரை தூரத்தில் இருந்தது.

திமிங்கலம் முதுகை வளைத்தது. ஆழத்துக்குப் போகப்போகிறது. போனால் எப்போது வருமோ.

"போகாத," என்றாள். "இனுத்தெக், போகாத."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

வால் எழுந்தது. பழக்கத்தில் விரல் கேமராவை அழுத்தியது. வால் சத்தமில்லாமல் உள்ளே போனது.

காத்திருந்தாள். கடல் அசையவில்லை. வயிறும் அசையவில்லை.

கேமராவைப் பார்த்தாள். அதே வால். அதே வெள்ளைத் திட்டுகள். நடுவில் புதிதாக ஒன்று.

பிஞ்சுக் கை. ஐந்து விரலும் விரிந்து, உள்ளிருந்து அழுத்தியது போல.