அம்பின் வால்

காலை எட்டு மணிக்கு ஆய்வுக்கூடத்தைத் திறந்த தலைமைப் பொறியாளர் மேசையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். புது நெடுஞ்சாலையிலிருந்து நேற்றுக் குடைந்தெடுத்த மூன்று கான்கிரீட் உருளைகள் அங்கே இருக்க வேண்டும். இருந்தன. ஆனால் ஒவ்வொன்றும் இரண்டு விரல்கடை குட்டை. உடம்பெல்லாம் பொத்தல்.

"இது என் ரோடு இல்ல" என்றார்.

பத்து மணிக்குக் கடன் தரும் குழு வருகிறது. அவர்கள் கண்ணெதிரே இந்த உருளைகளை நசுக்கிப் பார்ப்பார்கள். தாங்கினால் கடைசிப் பகுதிக்கும் கடன் கிடைக்கும். தாங்காவிட்டால் சாலை ஆற்றங்கரையோடு நின்றுபோகும். பொறியாளர் இத்தனை வருடம் சம்பாதித்த பேரும் அதே கரையில் நின்றுபோகும்.

விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர், பொறியாளரின் கூடப்பிறந்த தங்கை. அந்த எல்லைக்கு அவர்தான் இன்ஸ்பெக்டர். அக்காவுக்காக எல்லையை மாற்றிப் போட முடியுமா?

"அக்கான்னு பாக்கமாட்டேன். நீ பண்ணியிருந்தா முதல் விலங்கு உனக்குத்தான்."

"போடி! என் பென்சிலைத் திருடினவ நீ. இப்ப என்னையே விசாரிக்க வந்துட்டியா?"

வாய்தான் அப்படி. திறந்துவிட்ட பகுதியில் ஜீப் போகும்போதெல்லாம், "எங்க அக்கா போட்ட ரோடு" என்று சொல்லாமல் இன்ஸ்பெக்டருக்கு இருப்புக்கொள்ளாது. கேட்டுக் கேட்டு, ஓட்டுகிற கான்ஸ்டபிளுக்கே அது மனப்பாடம்.

உள்ளே நுழைந்ததும் பூட்ஸ் வழுக்கியது. கான்கிரீட் கட்டிகளை ஊறவைக்கும் தொட்டியைச் சுற்றித் தரையெல்லாம் ஈரம். தொட்டியில் விளிம்பு தொட்டுக் கலங்கல் தண்ணீர்.

"குழாய் ஒழுகுதா?"

"இல்லையே."

இன்ஸ்பெக்டர் ஓர் உருளையைத் தூக்கினார். தலையில் வண்டி போகும் திசையைக் காட்டும் வெள்ளை அம்பு. விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார். பெயிண்ட் விளிம்பைத் தாண்டிப் பக்கவாட்டில் வழிந்து காய்ந்திருந்தது. கீழே வைத்தார்.

பூட்டு உடையவில்லை. சாவி மூன்று பேரிடம்: அக்கா, குடைகிற மெஷின்காரர், ஆய்வுக்கூடத் தலைவர்.

வாசல் காவலாளி கறாராகச் சொன்னார்: "உள்ள வர்ற பையை நான் பாக்கிறதில்லம்மா. வெளிய போற பையை விடமாட்டேன். கல்லு என்ன, ஒரு ஆணி போகல."

மற்ற மூவரையும் தனித்தனியாக உட்காரவைத்து ஒரே கேள்வி. "உருளை எடுக்கிறதை முதல்லேருந்து சொல்லுங்க."

அக்கா எரிந்து விழுந்தாள். "அம்பு, குடையல், தகடு, லேப். போதுமா? நேரமாகுதுடி!"

மெஷின்காரர் சொன்னார்: "ரோட்டுல மண்டி போட்டு நீளமா ஒரு அம்பு போடுவோம். அது மேல மெஷினை நிறுத்திக் குடைவோம். குழியைத் தகடால மூடிட்டு, உருளையை இங்க கொண்டாந்து வெச்சுப் பூட்டுவேன்."

தலைவரின் சட்டையில் ஒரு மடிப்பு கலையவில்லை. "குடைவாங்க, கழுவுவாங்க, திசைக்கு ஒரு அம்பு போட்டு அனுப்புவாங்க. அசல் வேலையே அப்புறம் இங்கதான்."

"ரோட்டுக்குப் போனதுண்டா?"

"வெயில் நமக்கு ஒத்துக்காதும்மா."

குழு வந்தது. இன்ஸ்பெக்டர் எல்லோரையும் மேசையைச் சுற்றி நிறுத்தினார்.

"அம்பு போட்டு, அது மேல குடைஞ்சா, பெயிண்டும் கல்லோட சேர்ந்து விளிம்புல சுத்தமா அறுந்திருக்கும். இதுல வழிஞ்சிருக்கு. அதாவது, எங்கேயோ குடைஞ்ச கல்லுக்கு அப்புறமா அம்பு போட்டிருக்காங்க. ரோட்டுல நிக்கிறவங்க இந்தத் தப்பைப் பண்ண மாட்டாங்க. உருளையை மேசை மேல மட்டுமே பாத்தவர் ஒருத்தர்தான் பண்ணுவார்." திரும்பினார். "நீங்கதான் சார்."

தலைவர் சிரித்தார். "அக்காவைக் காப்பாத்தத் தங்கச்சி கதை கட்டுறாங்க. அப்ப அசல் எங்கேயாம்?"

"காவலாளிக்குப் பயந்து வெளிய கொண்டுபோகல. உள்ளேயே முக்கினீங்க. தண்ணி வழிஞ்சு காட்டிக்கொடுத்துடுச்சு." இன்ஸ்பெக்டர் சட்டைக்கையைச் சுருட்டித் தொட்டிக்குள் தோள்வரை கைவிட்டார். கட்டிகளுக்கு அடியிலிருந்து ஓர் உருளை மேலே வந்தது. நெடியது, பொத்தல் இல்லாதது.

குழுத் தலைவி அசையவில்லை. "இதுவும் அந்த ரோட்டோடதுதான்னு எப்படி நம்புறது?"

"என்னை நம்ப வேணாம். வாங்க."

சாலையின் இன்னும் திறக்காத பகுதியில் அக்கா தகட்டை நகர்த்தினாள். குழியின் ஒரு பக்கம் அம்பின் கூர், மறுபக்கம் வால், நடுவே ஒன்றுமில்லை. அக்கா உருளையை இறக்கினாள். பாட்டிலுக்கு மூடி போல உட்கார்ந்தது. லேசாகத் திருப்பியதும் கோடு கோட்டோடு சேர்ந்தது. வாலிலிருந்து கூர்வரை ஒரே அம்பு.

"எவனாவது மாத்துவான்னு எனக்குத் தெரியும்," என்றாள் அக்கா. "அதான் அம்பை எப்பவும் குழியை விட நீளமா போடச் சொல்வேன். காலைல இருந்த பதட்டத்துல எனக்கே மறந்துபோச்சு."

தலைவர் அங்கேயே தலைகுனிந்தார். சாலை நின்று அக்காவின் கம்பெனி விலகினால், மிச்ச வேலை தலைவரின் மச்சானுக்குப் போகும். பொத்தல் உருளைகள் மச்சான் போட்ட பழைய சாலையில் குடைந்தவை.

திரும்பி வந்து அசலை அழுத்தும் எந்திரத்தில் வைத்தார்கள். எந்திரம் முனகியது. முள், வேண்டிய அளவைத் தாண்டி, அதற்கும் மேலே போய்க்கொண்டே இருந்தது. அக்கா அழுதுகொண்டே சிரித்தாள்.

குழுத் தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "பலே! யார் போட்ட ரோடு இது?"

இன்ஸ்பெக்டர் வாயைத் திறந்தார்.

கதவோரம் நின்ற கான்ஸ்டபிள் முந்திக்கொண்டு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

"எங்க அக்கா போட்ட ரோடுங்க!"