வெல்பி எடுத்த தாம்பூலம்

தாமிரபரணியின் நீர்ப்பரப்பில் முழுமதி வெள்ளியை உருக்கி வார்க்கத் தொடங்கிய அந்தி வேளையில், கரையோரச் செங்குளக்கோட்டையின் கொலுமண்டபத்தில், பருத்தி வாங்க வந்திருந்த ஆங்கிலேய வணிகன் ஜோனாத்தன் வெல்பி ஓர் ஓரமாக அடக்கத்தோடு அமர்ந்திருந்தான்.

அங்கே கூடியிருந்த வீரர்களின் முன்னால் ஒரு வெள்ளித் தட்டு மெல்ல நகர்ந்து வந்தது. அதில் ஒரே ஒரு தாம்பூலம். அதைத் தொடுவார் இல்லை. தன் முன் தட்டு வந்ததும், உபசாரத்தை மறுப்பது அழகல்ல என்று எண்ணிய வெல்பி புன்னகையோடு அதை எடுத்துவிட்டான்.

மண்டபம் திகைத்தது.

அன்பார்ந்த வாசகர்களே, அது உபசாரத் தாம்பூலம் அன்று! பாளையக்காரர் சிவணைந்த தேவரை வெள்ளையர் படை கடல் கடந்த தீவொன்றில் சிறை வைத்திருந்தது. அவரை மீட்கத் துணிந்தவர் எடுக்கட்டும் என்று, அவருடைய தங்கை குழல்வாய்மொழி நாச்சியார் அனுப்பிய சபதத் தாம்பூலம் அது. வாளுக்கு அஞ்சாத வீரர்களுக்கும் கடலைத் தாண்ட வழி தெரியவில்லை.

சேர்வைகாரர் கருத்தமலை தொடையைத் தட்டிச் சிரித்தார். "அடடே! துரை பருத்தி மூட்டையில் மிதந்தே தீவுக்குப் போய்விடுவார் போலிருக்கிறதே!"

"போதும், சேர்வைகாரரே!" என்று கொலுவில் வீற்றிருந்த நாச்சியார் எழுந்தார். கண்கள் கலங்கியிருந்தாலும் குரல் கனிந்திருந்தது. தாம்பூலத்தின் பொருளை வெல்பிக்கு விளக்கிவிட்டு, "பிழை எங்களுடையது, ஐயா. விருந்தினர் முன் தட்டை நீட்டியிருக்கலாகாது. தாங்கள் அதைத் திரும்ப வைத்துவிடலாம், ஒரு குறையும் இல்லை" என்றார்.

அத்தனை துயரத்திலும் ஓர் அந்நியனின் முகம் வாடக் கூடாதென்று பழியைத் தம்மேல் ஏற்றுக்கொண்டாரே! வெல்பியின் நெஞ்சு உருகிற்று. தட்டை நோக்கி நீண்ட கை பின்வாங்கியது.

"அவரை விடுவிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, நாச்சியார்?"

"தங்கள் நாட்டுப் பெருஞ்சபையிடம் என்கிறார்கள். அங்கே எங்களுக்காகப் பேச யார் இருக்கிறார்கள்?"

"நான் இருக்கிறேன். அடுத்த கப்பலில் புறப்பட்டு, அந்தச் சபையில் எப்பாடு பட்டேனும் இடம் பெறுவேன். தங்கள் தமையனார் இந்த ஆற்றில் மீண்டும் நீராடும் வரை ஓயமாட்டேன். ஆண்டவன் சாட்சி!"

பருத்தி வணிகன் அரசியலில் புகுந்த கதை இதுதான். பல ஆண்டுகளுக்குப் பின் தேவரைக் கப்பலில் அழைத்து வந்தவனும் அவனே. பெரிய காரியங்களுக்குக் கடவுள் இடும் வித்து சில சமயம் ஓர் இன்சொல்லாகவே இருக்கிறது.

ஆனால் அந்த மாலையில், தாம்பூலத்தை வாயிலிட்ட வெல்பிக்குக் காரம் தலைக்கேறிக் கண்ணீர் வழிந்தது. நாச்சியார் பதறிப் படிக்கத்தைக் கொண்டுவரச் செய்தார்.

"துப்பிவிடுங்கள், ஐயா!"

வெல்பி தலையை அசைத்து மறுத்து, முழுவதையும் விழுங்கினான். பல மாதங்களாகச் சிரிப்பை மறந்திருந்த நாச்சியார், வாய்விட்டுச் சிரித்தார்.