மூன்று ஜிக்குகளும் ஒரு நீச்சல் தொப்பியும்

கடுகு தகரப் பெட்டியைத் திறந்தாள். மூடினாள். மறுபடியும் திறந்தாள். உள்ளே இருந்த மூன்று ஜிக்குகளையும் காணோம்.

"அண்ணா!"

அந்தக் கத்தலில் மாடிப்படியில் தூங்கிக்கொண்டிருந்த பூனை எழுந்து ஓடியது.

அவளுக்குப் பதினோரு வயது. உருவத்தில் சிறியவள், சூடு பட்டால் வெடிப்பாள். அதனால்தான் வீட்டில் அந்தப் பெயர். அன்று சூடு நன்றாகவே பட்டிருந்தது.

ஜிக் என்பது ஒரு வகைத் தூண்டில் முள். அதன் கழுத்தில் ஈயத்தலை இருக்கும். தலைக்குக் கீழே ரப்பர் இழைகளைக் கொத்தாகக் கட்டுவார்கள். அதற்குப் பாவாடை என்று பெயர் வைத்திருந்தாள் கடுகு. ஏரியின் அடியில் மெல்ல இழுத்தால் நண்டு ஊர்வதுபோல இருக்கும். அங்கே பதுங்கியிருக்கும் பாஸ் என்ற பெரிய வாய் மீன் ஏமாந்துபோய்க் கவ்வும்.

அந்த மூன்றையும் செய்ய அவளுக்கு இரண்டு வாரம் ஆகியிருந்தது.

அண்ணன் ஈரக்காலோடு உள்ளே வந்தான். அவளைவிட மூன்று வயது மூத்தவன். முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எங்கே?"

"காலையில ஏரிக்கு எடுத்துட்டுப் போனேன். அந்த முழுகிப்போன மரம் இருக்குல்ல, அதுல மாட்டிக்கிச்சு."

"எது மாட்டிச்சு?"

"மூணும்தான்."

கடுகுக்குக் காது சூடானது.

"அகலத் தலை வச்சது கூழாங்கல் தரைக்கு! அதைக் கொண்டுபோய் மரத்துக்குள்ள போட்டா மாட்டாம என்ன செய்யும்? சரி, கூர்த்தலை ரெண்டும் எப்படி மாட்டிச்சு? முள்ளுக்கு முன்னாடி நைலான் குச்சம் வச்சிருந்தேனே. கிளையில பட்டா அது வளைஞ்சு முள்ளைக் காப்பாத்துமே!"

அண்ணன் தலையைச் சொறிந்தான். "மீன் வாயில அது இடிக்குமேன்னு வெட்டிட்டேன்."

"வெட்டிட்டியா!"

"ஸாரி சொல்லிட்டேனே."

"எப்ப சொன்னே?"

"இப்பத்தான் சொல்றேன். ஸாரி."

அம்மா பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். படகு இயந்திரம் பழுதுபார்ப்பவள். கையில் இன்னும் கிரீஸ் இருந்தது. "ஒரு துண்டு ஈயத்துக்கா ஊரே கேக்குற மாதிரி கத்துறே? அதான் ஸாரி சொல்லிட்டானே, விட்டுடேன்."

அதுதான் எல்லாவற்றையும்விட மோசமாக வலித்தது.

"எப்பவும் நான்தான் விடணுமா? நாளைக்குச் சாயங்காலம் ஏரியை மூடிடுவாங்கம்மா! மீன் முட்டை போடுற காலம் முடியறவரைக்கும் மூணு மாசம் யாரும் தூண்டில் போட முடியாது. அந்த மரத்தடியில பெரிய பாஸ் ஒண்ணு இருக்கு. போன மாசம் என் தூண்டில் நரம்பை அறுத்துட்டுப் போச்சு. அதுக்காகத்தான் இவ்வளவும் செஞ்சேன்!"

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கடுகு பெட்டியோடு அறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்திக்கொண்டாள்.

இருவருக்கும் பொதுவான அந்த அறையில் அண்ணனின் புது நீச்சல் தொப்பி ஆணியில் தொங்கியது. காப்பி நிறம். மெல்லிய ரப்பர். பள்ளி நீச்சல் குழுவில் சேர்ந்ததற்குக் கிடைத்தது. அதைத் தலையில் போட்டுக்கொண்டு சாப்பிடக்கூட உட்காருவான்.

கடுகு மேசையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்தாள். தொப்பியை இழுத்துப் பிடித்தாள். நறுக்கென்று ஒரே வெட்டு போதும்.

'அவனும் கேக்காமத்தானே எடுத்தான்!'

கத்தரிக்கோல் வாயைத் திறந்தபடியே நின்றது. அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. 'அப்புறம் எனக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்?'

கோபம் கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். பெட்டியின் அடியில் மிச்சமிருந்த, முள் மட்டும் கோத்த மூன்று வெறும் ஈயத்தலைகளை அள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். அண்ணன் முன்னால் மேசைமேல் டக்கென்று வைத்தாள்.

"உக்காரு. எனக்கு ஒரு ஜிக் செஞ்சு குடு."

"எனக்குச் செய்யத் தெரியாதே!"

"தொலைக்க மட்டும் தெரியுமா? உக்காரு."

அண்ணன் உட்கார்ந்தான். ஈயத்தலையில் ஒரு சின்னத் துளை இருந்தது. அதில் நைலான் இழைகளைக் குச்சமாகச் சேர்த்துச் செருகிப் பசை வைக்க வேண்டும். இழைக்காகத் தரை தேய்க்கும் பிரஷைக் கொண்டுவந்தான். முதல் தலையில் பசை அதிகமாகி, பிரஷும் விரலும் ஈயமும் ஒன்றாக ஒட்டிக்கொண்டன.

"பிரஷை விடு."

"நான் விட்டுட்டேன். அதுதான் என்னை விட மாட்டேங்குது!"

அம்மா வெந்நீர் கொண்டுவந்தாள். கடுகுக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள்.

இரண்டாவது தலையில் குச்சத்தை அடியோடு நறுக்கிவிட்டான். விரலில் முள்ளும் குத்தியது. மூன்றாவதை எடுத்தான். குச்சத்தைச் சாய்வாக நிறுத்தி, முள்முனையைத் தாண்டி ஒரு நூலளவு மட்டும் விட்டு வெட்டினான். அதற்கே ஒரு மணி நேரம் ஆனது.

"ஒண்ணுக்கே இவ்வளவு நேரமா?" என்றான் மெதுவாக.

"நீ தொலைச்சது மூணு."

அண்ணன் அவளை நிமிர்ந்து பார்த்தான். இந்த முறை ஸாரி சொல்லவில்லை. "பாவாடைக்கு ரப்பர் வேணுமே. மீதி இருக்கா?"

"இல்லை. எல்லாமே அந்த மூணுலதான் இருந்துச்சு."

அவன் எழுந்து உள்ளே போனான். நீச்சல் தொப்பியோடு வந்தான். ஒருமுறை கடைசியாகத் தலையில் போட்டுப் பார்த்தான். பிறகு கழற்றி, தானே கத்தரிக்கோலால் மெல்லிய கீற்றுகளாக வெட்டத் தொடங்கினான்.

கடுகு கையை நீட்டினாள். கீற்றுகளை வாங்கி, நூலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முடிச்சை அவன் போட்டான்.

மறுநாள் பிற்பகல் இருவரும் படகுத்துறையில் நின்றார்கள். கடுகு முள்ளில் ஒரு ரப்பர் நண்டைக் கோத்தாள். நரம்பு முடிச்சை எச்சிலால் நனைத்து இறுக்கினாள். மூழ்கிய மரத்தைப் பார்த்து வீசினாள். ஜிக் அடியில் போய் உட்காரும்வரை காத்திருந்தாள். பிறகு தூண்டில் தடியை மெல்ல இழுத்தாள்.

டிக். டிக். கிளை தட்டுவது கையில் தெரிந்தது. ஒரு கணம் சிக்கியது. குச்சம் வளைந்து கொடுக்க, வழுக்கி வெளியே வந்தது.

"மாட்டலை!" என்றான் அண்ணன்.

"கத்தாதே."

பலமுறை வீசியும் எதுவும் கிடைக்கவில்லை. ஏரிக் காவலர் கைக்கடிகாரத்தைத் தட்டிக்காட்டினார். "இன்னும் பத்து நிமிஷம்தான் பாப்பா."

அப்போது நரம்பு கனத்தது. ஈரப் போர்வையை இழுப்பது மாதிரி. கடுகு தடியைச் சட்டென்று மேலே தூக்கினாள். அடியிலிருந்து ஒரு பெரிய வால் தண்ணீரைப் பிளந்தது.

"குடு, நான் பிடிக்கிறேன்!" அண்ணன் கையை நீட்டினான்.

"தொட்டே, தண்ணியில தள்ளிடுவேன்!"

அண்ணன் கையை இழுத்துக்கொண்டு வலையை எடுத்தான். தோள் வலிக்க வலிக்க அவள் நரம்பைச் சுற்றினாள், விட்டாள், சுற்றினாள். கடைசியில் அவன் மண்டிபோட்டு வலையை நீட்ட, கரும்பச்சை பாஸ் அதற்குள் வந்து விழுந்தது. அவள் கையால் ஒரு முழம் இருந்தது. வயிறு முட்டையால் உப்பியிருந்தது.

கடுகு ஜிக்கைக் கழற்றினாள். மீனின் முகத்துக்கு நேராகக் குனிந்தாள். "போன மாசம் அறுத்துட்டுப் போனது நீதானே? இன்னிக்கு நான் ஜெயிச்சேன். போ, முட்டை போடு." இரண்டு கையாலும் தண்ணீருக்குள் விட்டாள். மீன் ஒரு துள்ளலில் மறைந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அண்ணன் கேட்டான். "அடுத்த தடவை எனக்கும் ஒரு ஜிக் செஞ்சு தருவியா?"

"நீயே செஞ்சுக்கோ. நான் பக்கத்துல உக்காந்து திட்டுறேன்."

"சரி," என்றான் அண்ணன்.