கணுக்கால் சாட்சி

செல்போன் அலறியது!

திண்டுக்கல்லில், தன் சின்ன ஆபீசில் வேலையாக இருந்த ஐரின் எடுத்தாள்.

"ஐரினு... சீக்கிரம் வாம்மா!" சின்னாளபட்டி நெசவுக்காரி சரஸ்வதி. "நம்ம சௌந்தர்யாவ எவனோ கழுத்த நெரிச்சுப்புட்டான்! அவ பட்டையிலருந்து என் போனுக்கு அலாரம் அடிச்சுச்சு. ஓடிப் பாத்தா... தறிக்குழிக்குள்ள கெடக்கா!"

ஐரினுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அந்தப் பட்டை ஐரின் வடிவமைத்தது. நாடி, நடை, தூக்கம் எல்லாம் அளக்கும். இருநூறு நெசவாளிகள் கட்டியிருக்கிறார்கள். அளந்தது அத்தனையும் கட்டியவருக்கே சொந்தம். நாடி எகிறினால் அவர் சொல்லிவைத்த ஒருவருக்கு அலாரம் மட்டும் போகும்; மற்றதெல்லாம் அவர் விரல் வைத்தால்தான் திறக்கும்!

சாயங்காலம் நாலு மணி.

ஆபீசுக்குள் நுழைந்தான் ராஜ்கமல். ஒரு காப்பீட்டுக் கம்பெனி மேனேஜர். மூன்று மாதமாக ஐரினைச் சுற்றிச் சுற்றி வருகிற ஆள்.

"கேள்விப்பட்டேம்மா... பாவம்! நெசவாளர் சங்கத் தலைவியே போயிட்டா. இனிமே யாரு தடுக்கப் போறா? இருநூறு பேரு டேட்டாவையும் குடுத்துருங்க."

"எதுக்கு?"

"நெஞ்சு பலவீனமா இருக்கவங்களுக்குப் பாலிசி இல்லன்னு முன்னாடியே சொல்லிரலாம்ல?"

"முடியாது! அவங்க நாடி அவங்களுக்கு. சௌந்தர்யா சொன்னதத்தான் நானும் சொல்றேன்."

"அவ கதி தெரியும்ல?" ராஜ்கமல் சிரித்தான். "சரி, அவ கணுக்கால்ல கெடக்குற பட்டையவாச்சும் கழட்டி வாங்கிருங்க. போலீசு கையில சிக்குனா ஒங்களுக்குத்தான் தலைவலி."

ஐரின் நிமிர்ந்தாள்.

"கணுக்கால்லயா?"

"ஆமா..."

"அது மணிக்கட்டுல கட்டுற பட்டை சார்! விளம்பரத்துலகூட அப்படித்தான்."

ராஜ்கமலின் முகம் வெளுத்தது.

"தறியில உக்காந்தா மட்டும் கணுக்காலுக்கு மாத்திக்குவாங்க. கையில கட்டுனா, தறிக்கயித்த இழுக்குற ஒவ்வொரு இழுப்பையும் நடைன்னு எண்ணித் தொலைச்சுச்சு. அவங்க சொல்லித்தான் வாரை நீளமாக்குனேன். இன்னைக்கு அவ கால் தறிக்கு அடியில இருக்குற குழிக்குள்ள இருந்துச்சு. எட்டிப் பாத்தவனுக்குத்தான் அது தெரியும்!"

"இதெல்லாம் ஒரு சாட்சியா?" எகிறினான். "பட்டையத் தொறக்க அவ வெரலு வேணும். செத்தவ வெரலுக்குத் தொறக்குமா?"

"தொறக்காது."

பின்னறைக் கதவு திறந்தது. இன்ஸ்பெக்டர் அருள்நாதன் வந்தார். அவருக்கு முன்னால், கழுத்தில் கட்டோடு...

சௌந்தர்யா!

"உசுரோட இருக்கவ வெரலுக்குத் தொறக்கும்ல?" குரல் கரகரத்தது. "சரஸ்வதியக்கா வராட்டி போய்ச் சேந்துருப்பேன். நான் செத்துட்டதா ஊரெல்லாம் சொல்ல வச்சது இன்ஸ்பெக்டர் சார்தான். பின்னாலருந்து நெரிச்ச. மூஞ்சியப் பாக்கல. ஆனா காலையில பத்து இருவதுக்கு என் நாடி துள்ளுன துள்ளல நானே தொறந்து சார்ட்ட குடுத்துட்டேன். மிச்சத்த இப்ப நீயே சொல்லிட்ட! நீ கேட்டப்ப குடுக்கலடா... எனக்குத் தோணுச்சு, குடுத்தேன்!"

அருள்நாதன் விலங்கை எடுத்தார். ராஜ்கமல் மார்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சரிந்தான்.

"எனக்கு... நெஞ்சு படபடங்குது..."

சௌந்தர்யா குனிந்து அவன் காதருகே சொன்னாள்.

"பயப்படாதீக சார்... எந்தக் காப்பீட்டுக் கம்பெனிக்கும் சொல்ல மாட்டோம்!"