மோட்டார் ஓடுகிறது

கட்டிலுக்கடியில் சாக்கில் சுற்றிக் கிடந்த பெட்டியிடமிருந்து ஜெயசுதாவின் போனுக்கு மெசேஜ் வந்தது: மோட்டார் ஓடுகிறது.

ஒயரைக் கழற்றி, சிம்மையும் உருவிப் போட்ட பெட்டி அது. பழைய மெசேஜ் தாமதமாக வந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நெட்வொர்க்கின் மேல் பழியைப் போட்டால் அது வந்து மறுக்கவா போகிறது? கல்வராயன் மலையிலிருந்து மதியமே மேகம் இறங்கி வடக்கனந்தல் முழுக்க இருட்டிக் கிடந்தது. தகரக் கூரையில் தூறல் விழும் சத்தம், கரும்புத் தோட்டத்துச் சேற்று வாடை, அதற்கும் அடியில், ஜன்னலைச் சாத்தியிருந்தும் எப்படியோ உள்ளே வந்துவிட்ட கிணற்றுப் பாசியின் வாடை. கணவன் அன்புச்செல்வன் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு போயிருந்தான். வீட்டில் அவள் மட்டும்தான்.

ஊருக்குத் தெரிந்தவரை அவளுக்குக் கம்ப்யூட்டர் வேலை. கருவிகள் செய்கிறவர்கள் ஒவ்வொரு வசதியாக வேண்டும், வேண்டாம் என்று கம்ப்யூட்டரில் தேர்ந்தெடுக்கும்போது, திரையில் அதற்குப் பக்கத்திலேயே வருகிற விளக்கக் குறிப்புகளைச் சீராக்கித் தருவாள். போன மாதம் வாட்ச்டாக் டைமர் குறிப்புகள். அது கருவிக்குள் இருக்கும் சின்னக் கடிகாரம். கருவி அதற்கு அடிக்கடி ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். சொல்லவில்லையென்றால், கருவி ஹேங் ஆகிவிட்டது என்று புரிந்துகொண்டு, அது ரீஸ்டார்ட் செய்துவிடும். ஒரு குறிப்பில் மட்டும் யாரோ கோணல்மாணலாக எழுதியிருந்தார்கள்: இதைச் சேர்க்காவிட்டால், ஹேங் ஆனபோது ஓடிக்கொண்டிருந்தது ஓடிக்கொண்டேயிருக்கும். பார்க்க அழகாயில்லை என்று அதை வெட்டிவிட்டு, மற்றவற்றைப் போலவே ‘தெரியாவிட்டால் வேண்டாம் என்று விடவும்’ என்று போட்டாள்.

அதைப் படித்து வேண்டாம் என்று விட்டவன் தனசேகரன். கள்ளக்குறிச்சியில் சின்னப் பட்டறை வைத்து, போனிலேயே மோட்டாரைப் போட்டு நிறுத்தும் பெட்டிகள் செய்கிறவன். முதல் பெட்டியை ஆசையாக அவள் கிணற்றுக்குத்தான் மாட்டினான்.

போன வாரம் கிணற்றில் பாசி எடுக்க வந்த கூலியாள் பச்சமுத்து கிணற்று மேட்டிலிருந்து போன் செய்து கேட்டார். “நிறுத்திட்டீங்களாம்மா? எறங்கலாமா?”

அவள் பட்டனை அழுத்தினாள். மோட்டார் நின்றதற்கான மெசேஜ் வரவில்லை. கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே “நிறுத்திட்டேன், எறங்குங்க” என்றாள். பெட்டி ஹேங் ஆகி, மோட்டார் ஓடிக்கொண்டேயிருந்தது. தண்ணீருக்குள் ஒயர் எங்கோ நைந்திருந்தது. இறங்கிய பச்சமுத்து ஷாக்கடித்துச் செத்தார்.

விதி என்றது ஊர். ஜெயசுதாவும் விதி என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கு விதியை விடப் பெரிய தட்டு ஏது?

போன் அடித்தது. தனசேகரன்தான்.

“அக்கா, மலைக்கு முப்பது பெட்டி நாளைக்கு ஏத்தறேன். பச்சமுத்து விஷயத்துல நம்ம பெட்டி மேல தப்பு ஒண்ணும் இல்லியே? மாத்தறதுன்னா இப்பவே சொல்லிடுங்க.”

சொல்லிவிடலாம். அவள் வெட்டிய அந்த ஒரே ஒரு வரிதான். ஆனால் அப்புறம் பச்சமுத்துவின் மனைவி கொளஞ்சியம்மாள் முகத்தில் எப்படி விழிப்பது?

“ஒயர்தான்பா நைஞ்சிருந்துச்சி. நீ அனுப்பு.”

வைத்ததும் மெசேஜ். மோட்டார் ஓடுகிறது. உடனே இன்னொன்று. இன்னொன்று. போனை அணைத்தாள். அணைந்த போன் கைக்குள் அதிர்ந்தது.

இல்லை, அதிர்ந்தது தரை. செருப்புகூடப் போடாமல் வெளியே ஓடினாள். மோட்டார் கொட்டகையில் ஃபியூஸ் இல்லை. அதை அவளே பிடுங்கி அடுக்களைப் பரணில் போட்டிருந்தாள். ஆனாலும் குழாய் நடுங்கியது. வாய்க்காலில் தண்ணீர் குபுகுபுவென்று கொட்டிக்கொண்டிருந்தது. பாசி வாடை மூக்கில் ஏறியது.

கிணற்றை எட்டிப் பார்த்தாள்.

கழுத்தளவுத் தண்ணீரில் பச்சமுத்து. அண்ணாந்து. கண்ணில் கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

“நிறுத்திட்டீங்களாம்மா?”

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். சத்தியமாக அதற்குத்தான்.

“நிறுத்திட்டேன்” என்றது வாய்.

“சரிம்மா.” அவர் திரும்பி, அவளுக்குப் பின்னால் யாரையோ பார்த்துக் கையசைத்தார். “வாங்க. அம்மா நிறுத்திட்டாங்களாம்.”

ஈரக் காலடிகள். வரப்பு நெடுக ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஆண்கள், பெண்கள். ஒருவரையும் அவளுக்குத் தெரியாது. மலை ஊர்க்காரர்கள். வேட்டியை மடித்துக் கட்டியவர்கள், அரிவாள் பிடித்தவர்கள். ஒவ்வொருவராக அவளைக் கடந்து கிணற்றுப் படியில் கால் வைத்தார்கள். வைக்குமுன் ஒவ்வொருவரும் நின்று, அவள் முகத்தைப் பார்த்து அதையே கேட்டார்கள்.

எறங்காதீங்க. எறங்காதீங்க. நெஞ்சு கதறியது.

“நிறுத்திட்டேன்” என்றது வாய். “நிறுத்திட்டேன்.”

அவர்கள் நம்பினார்கள். இறங்கினார்கள். தண்ணீர் ஒவ்வொருவராக வாங்கிக்கொண்டது. யாரும் மேலே வரவில்லை.

வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். விரலிடுக்கில் அந்தச் சொல் வந்துகொண்டேயிருந்தது. இடுப்பில் கைக்குழந்தையோடு ஒருத்தி வந்து நின்றாள். குழந்தை கைகொட்டிச் சிரித்தது.

“தண்ணில நிக்கலாமாக்கா?”

வரப்பில், அந்தப் பெண்ணுக்குப் பின்னால், மலையடிவாரம் வரை வரிசை நின்றது.