சீனி ஏன் அடம்பிடித்தது?

சீனி என்ற செவலைப் பசு நான்கு கால்களையும் அழுத்தமாக ஊன்றிக்கொண்டு நின்றது. ஹஸ்னாவின் உம்மா பத்ருன்னிசா முன்னால் இருந்து கயிற்றை இழுத்தார். வாப்பா அஸ்கர் அலி பின்னால் இருந்து தள்ளினார். சீனி அசையவே இல்லை.

"புத்தம்புது கொட்டாய் கட்டிக் குடுத்தா உள்ள போவ மாட்டேன்னு அடம்புடிக்குது பாரு!" என்று வாப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவர்கள் குடியிருந்தது கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு பழைய பண்ணை வீட்டில். நடுவில் மாடி வைத்த பெரிய ஓட்டு வீடு. ஒரு பக்கம் நெல் கொட்டி வைக்கும் களஞ்சியம், பின்பக்கம் மாட்டுத் தொழுவம். இப்போது பண்ணையில் நெல் இல்லை. களஞ்சியத்தில் வாப்பாவின் மளிகைக் கடைச் சரக்குதான் இருந்தது. மாடி அறைகளில் சிப்காட் தொழிற்பேட்டைக் கம்பெனிகளில் வேலை செய்யும் அண்ணன்கள் வாடகைக்கு இருந்தார்கள்.

அவர்களின் பைக்குகளை நிறுத்த நிழலான இடம் வேண்டியிருந்தது. வாப்பா தொழுவத்தை பைக்குகளுக்குக் கொடுத்தார். சீனிக்கு வாசல் கேட் பக்கத்தில் சிமெண்ட் ஷீட் போட்டுக் கொட்டகை கட்டினார்.

அன்றிலிருந்து தினமும் இப்படி இழுத்துத்தான் அதை உள்ளே கட்ட வேண்டியிருந்தது. சீனி சரியாகத் தின்னவில்லை. பாலும் குறைந்துகொண்டே வந்தது. மாட்டு டாக்டர் வந்து பார்த்து, "நோய் ஒண்ணும் இல்லையே!" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"மாட்டுத் தரகர் சுப்பிரமணிய வரச் சொல்லிக்கீறேன். நல்ல எடமா பாத்து வித்துடலாம்" என்றார் வாப்பா.

ஹஸ்னா சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து சீனியிடம் போனாள். சீனி கன்றாக வந்த நாளிலிருந்து அதற்குக் கழுநீர் காட்டுவது அவள்தான்.

'நோயும் இல்ல. பின்ன ஏன் உள்ள போவ மாட்டேங்குது?'

மறுநாள் மதியம், சீனியை வேப்பமரத்தடியில் கட்டியிருந்தபோது, ஹஸ்னா அந்தப் புதுக் கொட்டகைக்குள் போனாள். சீனி நிற்கும் இடத்தில் போய் நின்றாள்.

ஷீட்டிலிருந்து அனல் இறங்கியது. மூன்று பக்கமும் மூடிய சுவர், காற்றே இல்லை. கேட்டுக்கு வெளியே ஒரு லாரி 'பாம்' என்று ஹாரன் அடித்தது. ஹஸ்னா துள்ளிக் குதித்தாள். குதித்த வேகத்தில் வழவழப்பான தரையில் வழுக்கி, தொப்பென்று உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்தில் ஈரம் வேறு!

"சே! எனக்கே இங்க இருக்க முடியலியே!"

பாவாடையை உதறிக்கொண்டு நேராகப் பழைய தொழுவத்துக்கு ஓடினாள். உள்ளே கால் வைத்ததும் உடம்பு குளிர்ந்தது. தலைக்கு மேலே உயரமான ஓட்டுக் கூரை. சுவரின் மேல்பகுதியில் செங்கற்களுக்கு நடுவே வரிசையாக இடைவெளி விட்டுக் கட்டியிருந்தார்கள். வீட்டுக்குப் பின்னாலிருந்த ஏரியின் காற்று அதன் வழியே வந்து போனது. தரையில் சொரசொரப்பாகக் கொத்திய கல் பாவியிருந்தது. பக்கத்துத் தொட்டியிலிருந்து ஒரு குவளைத் தண்ணீரை எடுத்து ஊற்றினாள். அது சரிவில் ஓடி, சின்ன வாய்க்காலில் சேர்ந்து, சுவரிலிருந்த ஓட்டை வழியாக வெளியே வாழை மரத்துக்குப் போய்விட்டது.

இத்தனை வசதிகளுக்கு நடுவே ஆறு பைக்குகள் ஒய்யாரமாகச் சாய்ந்து நின்றன.

வாப்பா தூங்கி எழுந்ததும் ஹஸ்னா டீ தம்ளரோடு கொட்டகை வாசலில் நின்றாள்.

"வாப்பா, இன்னிக்கு இதுக்குள்ள உக்காந்து டீ குடிங்க."

"இன்னா புள்ள வெளையாட்டு இது?"

"ஒரே ஒரு டீதான் வாப்பா."

வாப்பா சிரித்துக்கொண்டே உள்ளே போய் முக்காலியில் உட்கார்ந்தார். இரண்டு வாய் குடிப்பதற்குள் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. மூன்றாவது வாய் குடிக்கும்போது லாரி ஹாரன் அடிக்க, டீ வேட்டியில் சிந்தியது.

"ஐயோ, பேஜாரா கீதே!" என்று வெளியே வந்துவிட்டார்.

"மீதி டீய அங்க குடிங்க" என்று தொழுவத்துக்குக் கூட்டிப்போனாள். பைக்குகளுக்கு நடுவே முக்காலியைப் போட்டாள். டீ தீர்ந்த பிறகும் வாப்பா எழுந்திருக்கவில்லை. அண்ணாந்து கூரையைப் பார்த்தார். காலால் தரையைத் தேய்த்துப் பார்த்தார்.

"நாந்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றார் மெதுவாக. "ஆனா அந்தப் பசங்களுக்கு எடம் தரேன்னு வாக்கு குடுத்துட்டேனே!"

"நான் கேக்கறேன் வாப்பா."

ஷிப்ட் முடிந்து வந்த மாடி அறை பாக்கியராஜிடம் ஹஸ்னா ஓடினாள்.

"அண்ணா, வெயில்ல உங்க பைக்குக்கு வேர்க்குமா?"

"பைக்குக்கு எங்கனா வேர்க்குமா? ஏன் கேக்கற?"

"சீனிக்கு வேர்க்குது. நீங்கல்லாம் அதோட எடம் மாத்திக்கிறீங்களா?"

பாக்கியராஜ் விழுந்து விழுந்து சிரித்தார். "வாசல் கேட்டாண்டயே வண்டி நின்னா எங்களுக்கும் நல்லதுதான். ஆனா சீட்டு சுடுமே!"

"பழைய கோணி தரேன். போட்டு மூடிக்கங்க!"

அன்று மாலையே பைக்குகள் இடம் மாறின. சீனியை யாரும் இழுக்கவில்லை, தள்ளவில்லை. தொழுவத்தைப் பார்த்ததும் ஹஸ்னாவின் கையிலிருந்த கயிற்றை உருவிக்கொண்டு தானே உள்ளே ஓடியது.

அந்த வாரமே பால் ஏறத் தொடங்கியது. தரகர் சுப்பிரமணி நல்ல வெயிலில் வந்து சேர்ந்தபோது, வாப்பா சங்கடத்தோடு, "மாட்ட விக்கலைங்க. வீணா அலைய வச்சுட்டேன்" என்றார்.

"அதனால இன்னா பாய்! வந்ததுக்குப் பாத்துட்டாவது போறேன்" என்று தரகர் தொழுவத்துக்குள் போனார்.

வெகுநேரமாகியும் அவர் வெளியே வரவில்லை. ஹஸ்னா மெல்ல எட்டிப் பார்த்தாள்.

கல்தரையில் துண்டை விரித்து, தரகர் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் படுத்திருந்த சீனி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நிதானமாக அசைபோட்டது.